கேள்வி பதில்: ஃப்ளோரன்ஸ் பியூவும் நம்ம ஊர்ப் பிள்ளைகளும்

போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது, "இப்போது மேலே வந்துகொண்டிருக்கும் இங்கிலாந்து நடிகைகளில் எனக்குப் பிடித்தவர் ஃப்ளோரன்ஸ் பியூ" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாம் அவரைச் சுற்றியே. "சினிமா போதும், நாலு சமையல் கேள்வியாவது போடுங்க" என்று ஆசிரியர் முறைத்துப் பார்த்தார். அவர் கவலைப்பட வேண்டாம், இந்தப் பெண் சமையலும் செய்வார், கீழே வருகிறது. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, நீங்கள் எழுதின பிறகுதான் தேடிப் பார்த்தேன். பிளாக் விடோ படத்தில் தங்கையாக வந்து அக்காவைக் கலாய்த்துக்கொண்டே இருப்பாரே, அவரா? சினிமாக் குடும்பமா? (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

அவரேதான் தங்கச்சி. ஆனால் அப்பா சினிமாக்காரர் இல்லை, ஓட்டல்காரர். ஆக்ஸ்ஃபோர்டில் கௌலி ரோடு என்று ஒரு சாலை, பல நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் இடம், பல்கலைக்கழகக் கட்டடங்களைப் படமெடுக்க வரும் டூரிஸ்டுகள் அவ்வளவாக எட்டிப் பார்க்காத பக்கம், அங்கே கஃபே கோகோ, காஸ்பார் என்று கடைகள் நடத்தியவர் கிளின்டன் பியூ. அம்மா டெபோரா நடனக்காரர். 1996 ஜனவரி 3 அன்று பிறந்த ஃப்ளோரன்ஸுக்கு உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். அண்ணன் டோபி செபாஸ்டியன் பாடுவார், நடிப்பார். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் டோர்ன் நாட்டு இளவரசனாக வந்தவர் அவர்தான். அக்காவும் நடிப்புப் பக்கம் போனவர்.

ஆக, "எந்தப் பின்னணியும் இல்லாமல் வந்த பெண்" என்று யூடியூபில் ஓடுகிற கதை பாதிதான் சரி. சிபாரிசு செய்ய ஸ்டுடியோ வைத்திருக்கும் பெரியப்பா யாரும் இல்லை, ஆனால் ஆடுவதையும் பாடுவதையும் ஒரு வேலையாக மதிக்கிற வீடு இருந்தது. பள்ளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் படித்த செயின்ட் எட்வர்ட்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் எக்கச்சக்கமாகக் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. நடிகர் லாரன்ஸ் ஒலிவியே சின்ன வயதில் படித்த இடம். நார்த் வால் என்று சொந்தமாக ஒரு கலையரங்கமே வைத்திருக்கும் பள்ளி. அவரைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. வெறும் திறமையால் மேலே வந்தார் என்று யாரைப் பற்றிச் சொன்னாலும், அந்தத் திறமைக்கு ஃபீஸ் கட்டியது யார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது என் பழக்கம், அவ்வளவுதான்.

இன்னொன்று. படங்களில் பெயர் வருவதற்கு முன்பே ஃப்ளோஸி ரோஸ் என்ற பெயரில் யூடியூபில் பாட்டுப் பாடிப் போட்டுக்கொண்டிருந்தார், மற்றவர்கள் பாட்டைத் தன் குரலில். அந்தக் கரகரத்த குரலைக் கேட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: அந்த நடிகைக்குச் சின்ன வயதில் மூச்சுக் கோளாறு, அதற்காக நாட்டையே விட்டுப் போனார்கள் என்று படித்தேன். என் மகனுக்கு நாலு வயது, சளி பிடித்தால் நெஞ்சில் கீச்கீச்சென்று சத்தம். பாட்டு, நாடகம் என்றால் உயிர். மேடை ஏற்றலாமா? (ஒரு அம்மா, திருப்பாதிரிப்புலியூர்)

அவருக்கு இருந்தது டிராக்கியோமலேசியா. மூச்சுக்குழாய் திறந்தே இருப்பதற்காக அதைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. அவை போதுமான உறுதி இல்லாமல் தொய்வாக இருந்தால், மூச்சை வெளியே விடும்போது குழாய் உள்வாங்கி ஒடுங்கிவிடும். சளி, காய்ச்சல் வந்தால் இன்னும் மோசம். பிறவியிலேயே இது வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர, ஒன்றரை இரண்டு வயதுக்குள் சரியாகிவிடும். ஃப்ளோரன்ஸ் அப்படித் தப்பவில்லை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்தார். இங்கிலாந்துக் குளிர் ஆகாது என்று குடும்பமே தெற்கு ஸ்பெயினில் சோட்டோகிராண்டே என்ற கடலோர ஊருக்குக் குடிபோய், அவருக்கு ஆறு வயதாகும் வரை அங்கே இருந்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பியது.

உங்கள் பிள்ளைக்கு இருப்பது இதுதான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. நாலு வயதில் நெஞ்சுச் சத்தத்துக்கு ஆஸ்துமா, அலர்ஜி என்று சாதாரணமாக வரும் காரணங்கள் நிறைய. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தேவையென்றால் ஜிப்மர் பக்கத்தில்தான் இருக்கிறது. வீடு தொழிற்சாலைகள் இருக்கும் சிப்காட் பக்கம் என்றால் அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மேடையைப் பற்றி அதே டாக்டரிடம் கேளுங்கள், அதை நான் சொல்லக் கூடாது. பாடுவதற்குப் பிள்ளைக்கு ஆசை இருந்தால் அதுவரை வீட்டில் பாடட்டுமே.

கேள்வி: நான் பிளஸ் டூ. நடிப்புப் பள்ளிக்குப் போகாமலே அவருக்கு எப்படி முதல் படம் கிடைத்தது? எங்கள் ஸ்கூலில் ஆண்டு விழாவுக்கு ஒரு குரூப் டான்ஸ், அதோடு கலை முடிந்தது. (மாணவி, முத்தியால்பேட்டை)

உன் வயதில்தான் கிடைத்தது. கரோல் மோர்லி என்ற பெண் இயக்குநர், 1969இல் ஒரு பெண்கள் பள்ளியில் மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுவதைப் பற்றி 'தி ஃபாலிங்' என்று ஒரு படம் எடுத்தார். பள்ளிக் கடைசி வகுப்புகளில் படித்துக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸ் ஆடிஷன் கொடுத்து அதில் ஆபி என்ற பெண்ணாகத் தேர்வானார். கூட நடித்தது மெய்ஸி வில்லியம்ஸ், கேம் ஆஃப் த்ரோன்ஸ் மூலம் அப்போதே உலகத்துக்கே தெரிந்த முகம். 2014 அக்டோபரில் லண்டன் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டபோது எல்லாரும் தேடியது தெரிந்த முகத்தை, பேசிக்கொண்டு போனது தெரியாத முகத்தைப் பற்றி. இத்தனைக்கும் ஆபி கதையின் முன்பகுதியிலேயே இறந்துபோகிறவள். மீதிப் படம் முழுக்க அவள் இல்லாததுதான் கதை. முதல் படத்திலேயே அப்படி ஒரு வேஷம் கிடைப்பது லேசு இல்லை.

அதற்கு முந்திய அவருடைய மேடை என்று பார்த்தால் பள்ளி நாடகங்கள்தான். ஆறு வயதில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேரி வேஷம் போட்டு, மாதாவை யார்க்‌ஷயர் வட்டாரப் பேச்சில் பேச வைத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். நம்ம ஜென்மராக்கினி மாதா கோயில் விழா நாடகத்தில் மாதா திருநெல்வேலித் தமிழ் பேசினால் எப்படி இருக்கும், அப்படி. நடிப்புக் கல்லூரி எதிலும் அவர் சேரவே இல்லை. படப்பிடிப்புத் தளத்தில் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்டுவிட்டுப் பயிற்சியே தேவையில்லை என்று முடிவு கட்டாதே. நம்ம ஊர் நாடக மரபில் எல்லாமே சின்ன வயதுப் பயிற்சிதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு பாலர் நாடக சபை தொடங்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் பழகியது அங்கேதான். பாட்டு, வசனம், தாளம், வேஷம் எல்லாம் மீசை முளைப்பதற்கு முன்பே. அந்த சுவாமிகள் 1922இல் காலமானது நம்ம புதுச்சேரியில், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது, உன் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். ஒரு தடவை போய்ப் பார்.

அப்புறம், நடைமுறைக்கு வருவோம். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்திலேயே சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கின நிகழ்கலைத் துறை இருக்கிறது. ஆரோவில் பக்கம் வீணாபாணி சாவ்லா தொடங்கிய ஆதிசக்தி நாடகக் குழு இருக்கிறது, மூச்சையும் உடம்பையும் வைத்துப் பயிற்சி கொடுப்பதில் நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. இந்தியாநோஸ்ட்ரம் குழுவின் நாடகம் எங்கே நடந்தாலும் போய்ப் பார். காசு இல்லையென்றால் இன்னும் நல்லது, திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்துக்கு டிக்கெட்டே கிடையாது. ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைக் கிழவிக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுக்கிற ஆளை எந்தக் கல்லூரியிலும் பார்க்க முடியாது. அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போ.

கேள்வி: ஒரு படம் நடித்தார், உடனே ஹாலிவுட் கூப்பிட்டது. அதிர்ஷ்டம் என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் எதற்குக் கதை? நாங்கள் இங்கே குறும்படம் எடுத்து எடுத்தே தலை நரைக்கிறோம். (வாசகர், நெல்லிக்குப்பம்)

தம்பி, உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் ஹாலிவுட் கூப்பிட்ட கதையை முழுசாகக் கேளுங்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது.

2015. ஃப்ளோரன்ஸுக்கு 19 வயது. லாஸ் ஏஞ்சலஸில் ஃபாக்ஸ் சேனலுக்காக 'ஸ்டுடியோ சிட்டி' என்று ஒரு தொடர். பாடகியாக ஆசைப்பட்டு அப்பாவிடம் வந்து சேரும் பெண், அப்பாவோ சினிமா நட்சத்திரங்களுக்குப் போதை மருந்து விற்கிறவர், அப்பாவாக எரிக் மெக்கார்மக். அமெரிக்காவில் தொடர் என்றால் முதலில் ஓர் அத்தியாயம் மட்டும் எடுப்பார்கள், பைலட் என்பார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சேனல் சரி என்றால்தான் மீதி. சின்ன ஊரிலிருந்து போன பெண்ணுக்கு லாட்டரி அடித்த மாதிரிதான் இருந்திருக்கும். வேலை கிடைத்த பிறகு ஆரம்பித்தது: எடையைக் குறை, முகத்தின் அமைப்பு இப்படி வேண்டாம், புருவம் அப்படி வேண்டாம். நடிப்பைப் பற்றி இல்லை, உடம்பைப் பற்றி. பல வருடம் கழித்து அவரே இதை வெளிப்படையாகச் சொன்னார், பெரிய தப்புப் பண்ணிவிட்டோம் என்று அப்போது தோன்றியதாகவும் சொன்னார். இவ்வளவுக்கும் பிறகு அந்தத் தொடரைச் சேனல் எடுத்துக்கொள்ளவே இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

இங்கேதான் பலரும் முடிந்துபோகிறார்கள். ஒன்று, சொன்னபடியெல்லாம் உடம்பை வருத்திக்கொண்டு அடுத்த பைலட்டுக்குப் போவார்கள், இல்லை, இந்தத் தொழிலே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். அவருக்கும் இரண்டாவது எண்ணம் வராமல் இல்லை. ஊருக்கு வந்து கொஞ்ச நாளிலேயே 'லேடி மக்பெத்' ஆடிஷன் வந்தது.

பெயரைப் பார்த்து ஷேக்ஸ்பியர் என்று நினைக்க வேண்டாம். நிகோலாய் லெஸ்கோவ் என்ற ரஷ்ய எழுத்தாளர் 1865இல் எழுதிய ஒரு குறுநாவல், அதை அதே காலத்து இங்கிலாந்தின் வடக்கு மூலைக்கு மாற்றிப் படமாக எடுத்தார்கள். இயக்குநர் வில்லியம் ஓல்ட்ராய்ட் நாடகத்திலிருந்து வந்தவர், அவருக்கு இது முதல் முழுநீளப் படம். பட்ஜெட் ஐந்து லட்சம் பவுண்டு சொச்சம், அன்றைய கணக்கில் ஏறக்குறைய ஐந்து கோடி ரூபாய். படப்பிடிப்பு 24 நாள். ஒரு பழைய மாளிகை, நாலைந்து முக்கிய நடிகர்கள், பின்னணி இசை என்று பெரும்பாலும் ஒன்றும் கிடையாது, தரையில் நடக்கிற சத்தமும் கதவு சாத்துகிற சத்தமும்தான். உங்கள் குறும்பட பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் ஐந்து கோடி பெரிசுதான், ஆனால் சரித்திரக் கதையை அந்தக் காசில் எடுப்பது அங்கே பிச்சைக்காசு.

கேத்தரின் என்ற பெண்ணை நிலத்தோடு சேர்த்து விலைபேசி, வயதில் மூத்த, மனைவியைத் தொடக்கூட விரும்பாத ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே போகாதே என்று உத்தரவு. நீலப் பட்டுக் கவுனை இறுக்கிக் கட்டி சோபாவில் உட்கார வைத்துவிடுகிறார்கள், அவள் உட்கார்ந்திருக்கிறாள், தூக்கம் வருகிறது, மறுபடி உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ பாவப்பட்ட பெண்ணின் கதை என்று நாம் உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒவ்வொருவராகக் கொல்ல ஆரம்பிக்கிறாள், கடைசியில் நமக்கே அவள் மேல் வைத்த இரக்கம் கசந்துபோகிறது. 20 வயதுக்குள் அந்தப் பெண் அதை முகத்தை அசைக்காமல் செய்திருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸில் மாற்றச் சொன்ன அதே முகம், அதே உடம்பு. எதையும் மாற்றாமல் கேமரா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

2016இல் டொரண்டோ விழாவில் படம் வந்தது, 2017 கடைசியில் பிரிட்டிஷ் இண்டிபெண்டன்ட் பிலிம் விருதுகளில் சிறந்த நடிகை விருது வாங்கிக் கொடுத்தது. இன்று அவர் வாழ்க்கைக் கதையை எழுதுகிற எல்லாரும் ஆஸ்கரிலிருந்து, மார்வெலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அமெரிக்காவிலிருந்து தோற்றுத் திரும்பியதற்கும் அந்தச் சின்னப் படத்தை ஒப்புக்கொண்டதற்கும் நடுவில் இருந்த கொஞ்ச நாள்தான் அவருடைய கேரியர். ஆடிஷன் வந்தது அதிர்ஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வந்த நேரத்தில் அவர் வேறு முகத்தோடு இருக்கவில்லை பாருங்கள்.

கேள்வி: மல்யுத்த வீராங்கனை பெய்ஜ் கதையில் நடித்தது இவர்தானே? சண்டை ஒரிஜினலா, டூப்பா? (டபிள்யூடபிள்யூஇ ரசிகர், பண்ருட்டி)

இரண்டும். 'ஃபைட்டிங் வித் மை ஃபேமிலி' அது. இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் குடும்பமே மல்யுத்தம் செய்து பிழைக்கும் வீட்டிலிருந்து வந்த பெண்தான் பெய்ஜ், 2014 ஏப்ரலில் மேடையேறிய முதல் நாளே சாம்பியன் பட்டத்தைத் தட்டியவர். ஃப்ளோரன்ஸ் பயிற்சி எடுத்து நிறைய அவரே செய்தார், ஆபத்தானவற்றுக்கு டூப் இருந்தார். முக்கியமான அந்தச் சண்டையை லாஸ் ஏஞ்சலஸில் 'ரா' என்ற நிஜ டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிகழ்ச்சி முடிந்த கையோடு, டிக்கெட் வாங்கி வந்திருந்த கூட்டத்தின் முன்னாலேயே எடுத்தார்கள். அத்தனை ஆயிரம் பேர் முன்னால் சொதப்பினால் என்ன கத்துவார்கள் என்று ரசிகரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அது வெளியான 2019 அவருடைய வருடம். அதே வருடம் 'மிட்சம்மார்', அதே வருடம் 'லிட்டில் விமன்'. குடும்பத்தையே ஒரே இரவில் இழந்த பெண்ணாக ஹங்கேரி வெயிலில் மாதக்கணக்கில் அழுதுவிட்டு, நேராக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் போய்ச் செல்லத் தங்கையாகச் சிரிக்க வேண்டும். அந்த மிட்சம்மார் பெண்ணை அந்த வயல்வெளியில் அப்படியே விட்டுவிட்டு வந்த மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி இருந்ததாகப் பிறகு சொன்னார். நடிகர்கள் இப்படிப் பேசினால் நான் பொதுவாக நம்புவதில்லை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு இதை நம்பினேன்.

கேள்வி: ஆஸ்கர் வாங்கினாரா இல்லையா? (நண்பர்களுக்குள் பந்தயமாம், வில்லியனூர்)

வாங்கவில்லை. லிட்டில் விமன் படத்தில் ஏமி வேஷத்துக்காக 2020இல் துணை நடிகைப் பிரிவில் பரிந்துரை மட்டும். அந்த விருதை வாங்கியது லாரா டெர்ன், வேறொரு படத்துக்காக. லிட்டில் விமனில் ஃப்ளோரன்ஸுக்கு அம்மாவாக நடித்தவரே அவர்தான். பந்தயப் பணத்தில் எனக்கும் ஒரு டீ.

கேள்வி: ஓப்பன்ஹைமர் படத்தில் அவருக்கு கம்ப்யூட்டரில் கறுப்புத் துணி மாட்டினார்களாமே? இப்படிப்பட்ட காட்சியில் நடிக்கிறவரைப் போய் நம்ம பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுவதா? (வாசகர், மஞ்சக்குப்பம்)

ஆமாம், 2023இல் இந்தியத் தியேட்டர்களில் ஓடிய பிரதியில் கிராஃபிக்ஸில் ஒரு கறுப்பு உடை. ஒரு நெருக்கமான காட்சியில் கீதையைப் படிக்க வைத்ததால் வந்த சர்ச்சை தனி. என் கருத்தைக் கேட்டால், கீதையை அந்த இடத்தில் வைத்தது இயக்குநரின் முடிவு, அவரிடம் சண்டை போடுங்கள்.

நான் யாரையும் முன்மாதிரியாகக் காட்டவில்லை ஐயா. ஆனால் நீங்கள் கிளப்பியதால் சொல்கிறேன். 2022 ஜூலையில் ரோமில் ஒரு ஃபேஷன் விழாவுக்கு மெல்லிய இளஞ்சிவப்பு உடையில் போனார், இணையத்தில் ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்து அவர் உடம்பைப் பற்றிக் கமெண்ட் அடித்தது. வாயை மூடிக்கொண்டு போகாமல், அந்த ஆண்களை நோக்கியே நீளமாக ஒரு பதில் எழுதினார். 19 வயதில் எடையைக் குறை என்று சொன்னவர்களிடம் சொல்ல முடியாததை 26 வயதில் சொன்னார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். உடை பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. பதில் எனக்குப் பிடித்திருந்தது.

கேள்வி: சமையல் எங்கே? (ஆசிரியர், நம்ம ஆபீஸ்)

இதோ. 2020 ஊரடங்கில் எல்லாரும் டால்கோனா காபி அடித்துக்கொண்டிருந்தபோது, இவர் இன்ஸ்டாகிராமில் 'குக்கிங் வித் ஃப்ளோ' என்று வீட்டுச் சமையல் காட்டினார். அலங்காரம் கிடையாது, அடுப்படி குப்பையாக இருக்கும், பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்குவார். ஓட்டல்காரர் மகள் இல்லையா. 2024இல் வந்த 'வி லிவ் இன் டைம்' படத்தில் சமையல் கலைஞராகவே நடித்தார். முட்டையைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டாதே, சமதளத்தில் தட்டு என்று அதில் சொல்லிக்கொடுக்கும் இடம் இருக்கிறது, வீட்டில் செய்து பார்த்தேன், ஓடு உள்ளே விழவில்லை. அதே படத்துக்காகக் கேமரா முன்னாலேயே தன் தலைமுடியை மழித்துக்கொண்டார், விக் இல்லை.

கேள்வி: என் மகள் இன்ஸ்டாவில் ரீல்ஸ் போடுவாள். ஒரு கம்பெனியிலிருந்து போன், "உங்கள் பெண் ஹீரோயின் தங்கை வேஷத்துக்குத் தேர்வாகிவிட்டாள், போட்டோ ஆல்பத்துக்கும் ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் 25,000 கட்டுங்கள்" என்கிறார்கள். கட்டலாமா? (ஒரு அம்மா, அரியாங்குப்பம்)

கட்டாதீர்கள். ஆடிஷன் இல்லை, டைரக்டர் பெயர் இல்லை, எடுத்த எடுப்பில் தேர்வு என்றால் தேர்வானது உங்கள் பர்ஸ் மட்டும்தான். நடிக்க வருகிறவருக்குத் தயாரிப்பாளர் காசு கொடுக்க வேண்டும், வாங்கக் கூடாது. ஆடிஷனுக்குக் கேட்பது நல்ல வெளிச்சத்தில் எடுத்த சில போட்டோ, மொபைலில் எடுத்த ஒரு நடிப்பு வீடியோ, அவ்வளவுதான், அதற்கு 25,000 ஆகாது. ஏற்கெனவே கட்டியிருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், அது சைபர் மோசடிக்கான அரசு எண், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வழி உண்டு. மகளின் போட்டோக்களை இன்னும் கேட்டால் அனுப்ப வேண்டாம். நிஜமாகவே வாய்ப்பு என்று வந்தாலும் நீங்களோ அவள் அப்பாவோ கூடப் போங்கள். வெளியே உட்காருங்கள் என்று சொல்கிற ஆடிஷன் என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் நம்ம தமிழ்ப் பெண்கள் யாரும் இப்படி வரவில்லையா? (லாஸ்பேட்டை, கடலூர் முதுநகர் என்று பலர்)

வந்திருக்கிறார்களே. சிமோன் ஆஷ்லி, 1995இல் லண்டனை ஒட்டின சர்ரேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் சின்னச் சின்ன வேஷங்கள், 2019இல் 'செக்ஸ் எஜுகேஷன்' தொடர், 2022இல் 'பிரிட்ஜர்டன்' இரண்டாம் பருவத்தில் நாயகி. அதில் தங்கையாக வந்த சரித்ரா சந்திரனும் தமிழ்க் குடும்பம்தான், ஸ்காட்லாந்தில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்கிவிட்டு நடிக்க வந்தவர். அந்தத் தொடரில் அப்பாவைத் தமிழில் "அப்பா" என்றும் அக்காவை இந்தியில் "தீதி" என்றும் கூப்பிட வைத்தது எழுதினவர்களின் கைங்கரியம், நடித்தவர்களைத் திட்ட வேண்டாம். ஃப்ளோரன்ஸ் பியூவுக்கு இல்லாத ஒரு சுவரை இந்த இரண்டு பேரும் தாண்ட வேண்டியிருந்தது: இந்த நிறத்துக்கு எந்தக் கதையில் நாயகி வேஷம் எழுதியிருக்கிறார்கள்? அவர்களைப் பற்றித் தனியாக ஓர் இதழ் எழுதலாம், ஆசிரியர் சம்மதித்தால்.

கேள்வி: மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். ஃப்ளோரன்ஸ் பியூ காலேஜ் போகவில்லையே, நானும் போகமாட்டேன், சென்னைக்குப் போய் நடிக்கப் போகிறேன் என்கிறாள். உங்களால்தான் இந்த வம்பு. (ஒரு அப்பா, கடலூர் முதுநகர்)

வம்பை நான் ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. அவள் சொல்வது உண்மைதான், அவர் காலேஜ் போகவில்லை. ஆனால் கைக்குப் படம் வந்த பிறகுதான் அந்த முடிவு, கிளம்பிப் போய்த் தேடவில்லை. தோற்றபோது திரும்பிவர வீடு இருந்தது, அப்பாவுக்குக் கடைகள் இருந்தன. இந்தக் கணக்கை மகளோடு உட்கார்ந்து போடுங்கள்: சென்னையில் ஒரு ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, ஆடிஷனுக்கு ஓட்டம், ஒரு வருடம் வேஷமே கிடைக்காவிட்டால் யார் கொடுப்பது. அழுதால் அழட்டும், தப்பில்லை.

இன்னோர் ஆளையும் காட்டுங்கள். 'லைஃப் ஆஃப் பை' படத்தை ஆங் லீ 2011இல் நம்ம புதுச்சேரியில் வந்து எடுத்தது ஞாபகம் இருக்கும், ஊரே வேடிக்கை பார்த்தது. அதில் நடித்த சூரஜ் சர்மா டெல்லிப் பையன், நடிப்பு அனுபவம் துளியும் இல்லை, தம்பி ஆடிஷனுக்குத் துணைக்குப் போனவன், ஏறக்குறைய மூவாயிரம் பேரிலிருந்து அவனை எடுத்தார்கள். உலகம் முழுக்க ஓடி நாலு ஆஸ்கர் வாங்கின படம். அவன் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் தத்துவம் படித்தான்.

ஆகவே என் யோசனை: டிகிரியில் சேரட்டும், புதுவையிலேயே நாடகம் இருக்கிற கல்லூரியாகப் பார்த்து. மூன்று வருடமும் நாடகம், குறும்படம் எது வந்தாலும் நீங்கள் தடுக்கக் கூடாது, அது உங்கள் பங்கு. நெல்லிக்குப்பம் தம்பி குறும்படம் எடுக்கிறாராம், மேலே எழுதியிருக்கிறார் பாருங்கள். நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். அதற்குப் பிறகும் சென்னை என்றால், தோற்று வந்தாலும் கதவு திறக்கும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். இதைச் சொல்ல முடியாது என்றால், அனுப்பாதீர்கள்.

கேள்வி: எந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கலாம்? குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி சொல்லுங்கள். (பலர்)

லிட்டில் விமன். நாலு பெண்கள் இருக்கிற வீட்டில் நடக்கிற சண்டை எல்லாம் அதில் இருக்கிறது. ஏமி பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணாகவும் வருவாள், வளர்ந்தவளாகவும் வருவாள், இரண்டையும் 22 வயது ஃப்ளோரன்ஸே செய்திருக்கிறார், சின்னப் பெண்ணாக வரும்போது உட்காருகிற விதத்தைக் கவனியுங்கள். கல்யாணம் என்பது பெண்ணுக்குப் பண விவகாரம்தான் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லும் இடம் வரும்போது வீட்டில் பெரியவர்கள் இருமுவார்கள், சத்தத்தைக் கூட்டி வையுங்கள். அடுத்து மல்யுத்தப் படம், பையன்களுக்குப் பிடிக்கும். மார்வெல் பிடிக்குமென்றால் 'தண்டர்போல்ட்ஸ்', அதில் கோலாலம்பூரின் மெர்டேகா 118 கோபுரத்திலிருந்து அவரே குதித்திருக்கிறார், உலகத்திலேயே இரண்டாவது உயரமான கட்டடம், மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். லேடி மக்பெத் பெரியவர்களுக்கு மட்டும், பிள்ளைகள் தூங்கிய பிறகு. மிட்சம்மார் பட்டப்பகலில் நடக்கிற பேய்ப்படம் மாதிரி, ரத்தமும் வேறு எல்லாமும் உண்டு, மாமியாரோடு உட்கார்ந்து போட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.